காதில் வரும் புகை

பதினோரு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும். இதுவரை ஒரு அங்குலம்கூட நகர்ந்ததில்லை.

சிரிக்க வேண்டாம், என் வேலை அப்படி. வாகனப் புகைச் சோதனை நிலையத்தில் ஓட்டுநர் நான். ஒரு பெரிய அறை, தரையில் இரும்பு உருளைகள், அவற்றின் மேல் காரின் சக்கரங்கள். வண்டியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். நான் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், கார் இருந்த இடத்திலேயே இருக்கும். எதிரே சுவர். சுவரில் ஒரு திரை, திரையில் மேலும் கீழுமாக ஓடும் ஒரு கோடு. கோடு ஏறினால் வேகம் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும், அடியைத் தொட்டால் நிறுத்த வேண்டும். மொத்தம் அரை மணி நேரம். முதல் பத்து நிமிஷம் நகரத்து ஓட்டம், அப்புறம் புறநகர், கடைசியில் நெடுஞ்சாலை. எல்லாமே அந்தச் சுவருக்கு முன்னால்தான். அதற்குள் புகைக்குழாயிலிருந்து வருவதையெல்லாம் இன்னொரு குழாய் உறிஞ்சி அளந்துவிடும். அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு மாடலை விற்கலாமா, கூடாதா என்று முடிவாகும்.

கோட்டிலிருந்து வேகம் இரண்டு கிலோமீட்டர் விலகினால் ஓட்டம் செல்லாது. வண்டியை மறுபடி ஒரு ராத்திரி முழுக்க ஆறவைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் மாதத்துக்கு ஒரு தடவையாவது விலகுவார்கள். நான் விலகியது இத்தனை வருஷத்தில் மூன்றே தடவை, அதில் ஒன்று தும்மல். நிலையத்தில் எனக்குக் 'கோட்டம்மா' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான், எனக்கு அது பட்டம் மாதிரி.

இந்தப் பெருமையெல்லாம் என் வீட்டு வாசலோடு சரி. வீட்டில் இன்னொரு ஓட்டுநர் இருக்கிறாள். என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. மாமியாருக்கு நான் 'பெரியவ', அவள் 'சின்னவ'. நாங்கள் மாடியில், அவர்கள் கீழே, சமையலறை இருவருக்கும் ஒன்று. சின்னவள் ஆறு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறாள். காலையில் போனால் இருட்டும்போது வருவாள். வந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவதற்குள் கதை ஆரம்பித்துவிடும். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் சண்டை போட்டு இறங்கும்போது சமாதானமான புருஷன் பெண்டாட்டி, பின்சீட்டில் ஒரு பெரிய வாத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த வக்கீல், சிக்னலில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கே பிந்திப்போன மாப்பிள்ளை. கேட்டுக்கொண்டே சாப்பிட்டு என் வீட்டுக்காரருக்குப் புரையேறும். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறக்கக் கூலி கேட்கிற மனுஷன். அந்த மனுஷன் தலையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

பிறகு, மரியாதைக்கு, என் பக்கம் திரும்புவார்.

"ஒனக்கு இன்னிக்கு என்ன?"

"என்ன இருக்கும்? கோடு ஏறுச்சு, எறங்குச்சு."

"அவளுக்குப் பாவம், கதைக்கே வழியில்ல" என்பார் மாமியார். இரக்கப்பட்டுத்தான் சொல்லுவார். அந்த இரக்கம்தான் எனக்கு ஆகாது.

சுற்றி வளைப்பானேன்? சின்னவள் மேல் எனக்குப் பொறாமை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எனக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் என் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவி வைப்பாள். அதுவே எனக்கு இன்னும் எரியும். இந்த ஊரையே அவள் வைத்திருக்கிறாள், எனக்கு ஒரு சுவர்தான் இருக்கிறது என்று தோன்றும். சுவரையும் பிடுங்கப் போகிறார்கள் என்று போன மாதம் தெரிந்தது.

எங்கள் இன்ஜினியர் சார் காலையில் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ஜாதி.

"கோட்டம்மா, நம்ம அறையில எல்லா வண்டியும் பாஸ் ஆவுது. ஆனா தெருவுல வச்சிருக்கற மீட்டர் எல்லாம் புகை குறையலன்னு சொல்லுது. எங்கயோ உதைக்குது. அதனால வண்டிய வெளில எடுத்துட்டுப் போய் அளக்கப் போறோம்."

காரின் பின்பக்கம் ஒரு பெட்டி கட்டுவார்கள். புகைக்குழாயிலிருந்து பெட்டிக்கு ஒரு குழாய். பின்சீட்டில் ஒருவர் கணினியோடு உட்கார்ந்து நொடிக்கு நொடி பதிவாவதைப் பார்த்துக்கொள்வார். நகரத்துக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர், தினம் மூன்று ஓட்டம், ஒரு வருஷம். உருளை அறையை மாதக் கடைசியோடு மூடிவிடுவார்கள்.

"ஓட்டப்போறது ஒரே ஆள்தான். ஆள் மாறினா அளவும் மாறிடும்" என்றார்.

அந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். முதல் தடவையாக எனக்கும் ஒரு கதை கிடைத்திருந்தது. இனி நானும் தெருவில் ஓட்டப்போகிறேன், பெட்டி, குழாய், கணினி, தினம் மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் முடிந்ததும் நிலையத்துக்குத் திரும்புவது, வருஷம் முழுக்க. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வெளி ஆளுங்களும் அப்ளை பண்ணலாமா?"

"பண்ணலாம், பண்ணலாம். யார் வேணும்னாலும் பண்ணலாம்." இடம் எனக்குத்தான் என்ற தைரியத்தில் தாராளமாகச் சொன்னேன்.

"அப்போ எனக்கும் ஒரு ஃபார்ம் வாங்கிட்டு வாங்கக்கா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் ஃபார்மை நானே வாங்கிவந்து நானே கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். வந்த எட்டு ஃபார்மில் இன்ஜினியர் இரண்டை எடுத்தார். என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. "உங்க வீட்டுலயே ரெண்டு ஓட்டுநரா? பரவாயில்லையே!" என்று சந்தோஷப்பட்டார். நான் வாயில் வந்ததை முழுங்கினேன்.

ஏற்பாடு இதுதான். ஒரே கார், ஒரே பாதை, ஒரே நேரம். புதன்கிழமை சின்னவள், வியாழக்கிழமை நான். முந்தின நாள் சாயங்காலம் நிறுத்திய வண்டியைக் காலை எட்டு மணிக்குக் குளிர்ந்த இன்ஜினோடுதான் எடுக்க வேண்டும். ஏனென்றால் கிளம்பிய முதல் சில நிமிஷங்களில்தான் அதிகமாகக் கக்கும். புகையைச் சுத்தம் செய்கிற பாகம் சூடேறும்வரை அது சும்மா ஒரு தகர டப்பா. பக்கத்துத் தெருக் கடைக்குக் காரில் போகிறவர்கள் வண்டி சூடேறுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள், அவர்களுடைய புகை முழுக்க அந்தத் தெருவுக்குத்தான்.

"புதன்கிழமை நீங்க முன்சீட்டுல உக்காந்து அவங்க எப்படி ஓட்டறாங்கன்னு எழுதணும்" என்றார் இன்ஜினியர். "கால் என்ன பண்ணுதுன்னு உங்க அளவுக்கு யாருக்கும் தெரியாது. பார்வையாளர் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் அவங்க ஓட்டம் செல்லும். உங்க காலப் பதினோரு வருஷமாப் பாக்கறோம், உங்களுக்குத் தாள் வேண்டாம்."

என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார். தானாக வந்த வாய்ப்பு, விடுவேனா?

புதன்கிழமை எட்டு மணி. பின்சீட்டில் கணினிக்காரர். ஐம்பது வயது, கார் கொஞ்சம் ஆடினாலும் வாந்தி வருகிற உடம்பு. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை எப்போதும் தயாராக வைத்திருப்பார். சின்னவள் சீட்டை முன்னால் இழுத்து, மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்து, என் பக்கத்துக் காற்றுத் திறப்பை என் முகத்துக்குத் திருப்பிவிட்டாள். "வேர்க்கும்க்கா" என்றாள். ஏசியை முழுசாக வைத்தாள். எழுதினேன்: ஒன்று, தேவைக்கு மேல் ஏசி.

வாசலைத் தாண்டியதும் ஒரே மிதி. குளிர்ந்த இன்ஜின், ஒரு கரிசனம் வேண்டாமா? இரண்டு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வண்டிகள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன. அவள் முன்வண்டியின் வாலை ஒட்டி நின்றாள், நகர்ந்தாள், நின்றாள், நகர்ந்தாள். மூன்று நிமிஷத்தில் பதினான்கு தடவை. ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால் கணினித் திரையின் புகைக்கோட்டில் கூராக ஒரு முள் எழும்பியது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முள் எழும்ப எழும்ப எனக்கு வயிறு குளிர்ந்தது.

முதல் பெரிய சிக்னலில் பச்சை மஞ்சளானது. நான் என்றால் காலை எடுத்திருப்பேன். அவள் மிதித்தாள். முள் கூரையைத் தொட்டது. பின்சீட்டில் பை சரசரத்தது.

"சாரிண்ணே" என்றாள் சின்னவள். "இந்த சிக்னல விட்டா அடுத்த மூணும் செவப்புல மாட்டும். நின்னு நின்னு எடுத்தா இன்னும் புகை."

அது சரியாகவும் இருந்தது. அதை எழுதவில்லை, மஞ்சளில் மிதித்ததை மட்டும் எழுதினேன்.

சந்தைத் தெருவில் இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாக மாட்டி ஏழு நிமிஷம் அசையவில்லை. அவள் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள். ஒன்பது. போக்குவரத்துப் போலீஸ்காரர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "என்னம்மா, புதுக் கார்?" காய்கறிக்காரி கையை ஆட்டினாள். பெட்ரோல் பங்க்கில் நின்ற பையன்கூட சல்யூட் அடித்தான். இந்த ஊரில் எனக்கு யாரும் கைகாட்டியதில்லை. எழுதுகிற பேனா தாளைக் கிழித்தது.

கணினிக்காரர் பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டார். வாந்திக்கு நடுவிலும் அவருக்கு நக்கல் போகாது.

"கோட்டம்மா காதுல பொகை வருது பாருங்க. இன்னொரு குழாய் இருக்கு, மாட்டி அளந்துடவா?"

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முகம் மட்டும் சூடேறியது.

நாற்பத்தி ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு கிலோமீட்டரை முடித்தாள். தாளில் பதினேழு குறைகள் இருந்தன. நொடிக் கணக்கோடு, எந்தத் தெரு, எவ்வளவு மிதி, எவ்வளவு பிரேக் என்று பிசகாமல் எழுதியிருந்தேன். ஒரு பொய்கூடக் கிடையாது, பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. இதைப் படித்தால் எவனும் அவளிடம் சாவியைக் கொடுக்க மாட்டான் என்று நிம்மதியாகத் தாளைக் கொடுத்தேன். அவசரத்தில் கையெழுத்தை மட்டும் மறந்துவிட்டேன்.

அன்று ராத்திரி வீட்டில் சின்னவள் என் பெருமையைப் பேசினாள். "அக்கா கண்ணுல ஒண்ணும் தப்பாதுங்க அத்தை. என் காலையே பாத்துட்டு வந்தாங்க." மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக மரியாதை இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை என் முறை. சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவளுக்குத் தெருவில் ஸ்டியரிங் பிடித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. உருளையில் ஸ்டியரிங்குக்கு வேலையே கிடையாது. வெளியே வந்த ஒரு நிமிஷத்தில் ஒரு பஸ் என் காதருகே ஹாரன் அடித்தது. எனக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. எங்கே பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றும் புரியவில்லை. அந்தக் கலவரத்தில் மனசு தனக்குத் தெரிந்த இடத்துக்கு ஓடியது. கோடு. பதினோரு வருஷம் பார்த்த அந்த நகரத்துப் பகுதி, பத்து நிமிஷம், எனக்கு நொடி நொடியாக மனப்பாடம். பன்னிரண்டாம் நொடியில் கிளம்பு. மெதுவாக ஏறு. இறங்கு. நில். எண்ண ஆரம்பித்தேன்.

எண்ண எண்ண வேர்வை அடங்கியது. தெரு ஒரு சுவர் மாதிரி ஆனது. கோடு ஏறச் சொன்னபோது ஏறினேன். நிற்கச் சொன்னபோது ஓரமாக நின்றேன், எதிரே பாதை காலியாக இருந்தாலும். சிக்னலிலோ நெரிசலிலோ மாட்டிக்கொண்டால் எண்ணுவதை நிறுத்திவைத்து, பாதை திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முன்வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு லாரி புகுகிற இடைவெளி விட்டேன். லாரியே புகுந்தது. புகுந்துவிட்டுப் போகட்டும். ஏசியை அணைத்திருந்தேன். பத்து நிமிஷம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படி நாலு சுற்று. பின்னால் ஹாரன் சத்தம் எங்கேயோ கேட்டது, வேறு வீட்டு ரேடியோ மாதிரி. கணினிக்காரர் பையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டுக் குறட்டை விட்டார். இதைவிடப் பாராட்டு வேண்டுமா எனக்கு?

ஒரு மணி நேரம் நாலு நிமிஷம் ஆனது. அளவு வந்தது. நைட்ரஜன் ஆக்சைடு, கிலோமீட்டருக்கு சின்னவளுக்கு நூற்றி எழுபது மில்லிகிராம். எனக்கு அறுபத்தி நாலு.

அவளுடையதில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கூடவே வரும். ஆனாலும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மத்தியானம் இன்ஜினியர் கூப்பிட்டார். மேஜையில் என் தாள். கணினித் திரையில் இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று.

"இது நீங்க இன்னிக்கு ஓட்டினது. இது நம்ம சுவத்துக் கோடு. நின்ன நேரத்தக் கழிச்சுட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணா இருக்கு. நான் இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன். நடுத்தெருவுல உருளை ஓட்டின ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பாராட்டு என்றே நினைத்தேன். சிரித்தும் வைத்தேன்.

"கோட்டம்மா, இந்த ஊர்ல எத்தனை பேர் உங்கள மாதிரி ஓட்டுவாங்க?"

"யாரும் ஓட்ட மாட்டாங்க சார்."

"அதத்தான் சொல்றேன். அப்ப இந்த அறுபத்தி நாலு யாரோட பொகை?"

அவர் என் தாளை எடுத்து வாசித்தார். நெரிசலில் பதினான்கு முறை நின்று நகர்ந்தார். மஞ்சளில் மிதித்தார். நின்ற இடத்தில் ஏழு நிமிஷம் இன்ஜின் ஓடியது. பதினேழையும் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் கணினியில் அந்த நொடியின் முள்ளைக் காட்டினார். நான் எழுதிய நொடியிலேயே ஒவ்வொரு முள்ளும் நின்றது.

"நகரத்துல வண்டி ஏன் கக்குதுன்னு மூணு மாசமா எழுத முயற்சி பண்றேன், வரல. நீங்க ஒரே தாள்ல எழுதிட்டீங்க. ஊர் எப்படி ஓட்டுதோ அப்படியே ஓட்டியிருக்காங்க உங்க ஓரகத்தி. இதவிட சிபாரிசு எங்க கிடைக்கும்?"

நான் போட்ட பழியே சிபாரிசுக் கடிதம் ஆகிவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அதோடு விட்டாரா? பெட்டியில் பின்பக்கம் பார்க்கிற ஒரு கேமரா இருக்கிறதாம். அதை ஓடவிட்டார்.

என் பின்னால் வண்டிகள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வண்டிகள், எல்லாம் நின்றபடி உறுமிக்கொண்டு. "உங்க வண்டி சுத்தம்தான். பின்னாடி நாப்பது வண்டிய கக்க வச்சுட்டீங்க" என்றார். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு நேர் பின்னால் முதல் வண்டியாக ஒரு வாடகைக் கார். நாலு விளக்கும் சிமிட்டிக்கொண்டு. முன்கண்ணாடிக்குள் சின்னவள். கையை வெளியே நீட்டி, பின்னால் வருகிறவர்களை ஒதுங்கிப் போகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். ஒரு லாரிக்காரன் என்னை இடிக்கிற மாதிரி வந்தபோது தன் வண்டியைக் குறுக்கே விட்டுத் திட்டு வாங்குகிறாள். ஒரு மணி நேரம் நாலு நிமிஷமும்.

"கண்ணாடியில பாக்கலியா நீங்க?"

"பாக்கல சார்." பதினோரு வருஷம் என் பின்னால் இருந்ததும் சுவர்தான். கண்ணாடியில் பார்க்க என்ன இருந்தது?

நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதிலும் என்னை ஜெயித்துவிட்டாளே என்றுதான் வந்தது. என்னைக் காப்பாற்றிவிட்டு, வீட்டில் அதைச் சொல்லாமலும் இருப்பாள் என்பது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"இதுல உங்க கையெழுத்து இல்ல" என்று இன்ஜினியர் தாளை நீட்டினார். "போட்டா அவங்களுக்கு ஆர்டர் அடிச்சுடலாம். உங்களுக்கு அந்தப் பக்கத்து சீட்டு, வருஷம் முழுக்க எழுதணும். போடலன்னா அந்த ஓட்டம் செல்லாது, ரெண்டு பேரும் மறுபடி ஓட்டணும்."

ஊர் மாதிரி ஓட்ட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை விடுவேனா? "நாளைக்குப் போடறேன் சார்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கீழே இறங்கிப் போனேன். சின்னவள் படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"என் பின்னாடி எதுக்கு வந்த?"

அவள் முகம் மாறியது. "யாரு சொன்னா?"

"எதுக்கு வந்தேன்னு கேக்கறேன்."

"பயமா இருந்துச்சுக்கா. நீங்க தெருவுல ஓட்டி எவ்ளோ வருஷம் ஆச்சு. கோவப்படுவீங்கன்னுதான் சொல்லல."

"ஒனக்கு எதுக்குடீ இந்த வேல?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை. "ஊரே ஒன்னோடது. போலீஸ்காரன் சிரிக்கறான், கடைக்காரி கை காட்டறா, என் வீட்டுக்காரரே ஒன் கதையத்தான் கேக்கறாரு. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு சீட்டு. பொறாமையா இருக்குன்னே வச்சுக்க. அதையும் எதுக்கு எடுக்கற?"

சின்னவள் மெதுவாக, மேலே யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி சொன்னாள்.

"அங்க பாத்ரூம் இருக்குக்கா."

எனக்குப் புரியவில்லை.

"காலையில ஏழு மணிக்குக் கிளம்பறேன். ஊருக்குள்ள பொம்பள போறதுக்கு எடம் எங்க இருக்கு? பங்க்குலதான். பாதிப் பங்க்குல பூட்டு. சாவி கேட்டா மேலயும் கீழயும் பாப்பான். அந்தப் பையன் சல்யூட் அடிச்சானே, அவன்தான் முகம் சுளிக்காம சாவி தருவான். காய்கறிக்காரி இருக்கால்ல, அவ வீட்டுல ஒரு தடவ போயிருக்கேன். ஊரே எனக்குத் தெரியும்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு அப்படித்தான் தெரியும்." இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "தண்ணியே குடிக்க மாட்டேன். குடிச்சாத்தானே போகணும்? கல்லு வந்துடுச்சு. ரெண்டாவது தடவ. டாக்டர் பகல்ல மூணு லிட்டர் குடிங்கன்னு சொல்றாரு. குடிச்சுட்டு எந்த சிக்னல்ல போய் நிக்கட்டும்? ஒங்க வேலையில ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ அந்தக் கட்டடத்துக்குத் திரும்பி வந்துடலாம். நீங்க அன்னிக்கு சாப்பாட்டுல சொன்னப்ப எனக்கு அது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேண்டாம்னா சொல்லுங்கக்கா. நாளைக்கே சார்கிட்ட வரலன்னு சொல்லிடறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். அதற்குக்கூட எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, படியில் வைத்து, கையெழுத்தைப் போட்டேன். மனசாரப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். கைதான் போட்டது.

"என்னக்கா அது?"

"ஒன்னப் பத்திக் குறை எழுதியிருக்கேன்."

"எத்தன?"

"பதினேழு."

"அவ்ளோதானா?" என்று சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

உருளை அறையை முப்பதாம் தேதி பூட்டினார்கள். ஒன்றாம் தேதி முதல் ஓட்டம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். பத்தொன்பது குறைகள். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் அவள் நேராக உள்ளே போனாள். வெளியே வந்து தாழ்வாரத்துக் குழாயில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, நின்றபடியே, மூச்சு விடாமல் குடித்தாள். மோவாயெல்லாம் தண்ணீர். கணினிக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறு வருஷத்துல பகல்ல இவ்ளோ தண்ணி குடிச்சதே இல்லக்கா" என்றாள்.

காலிப் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி, மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தேன்.